பெனல் கூரைக்குக் கீழே ஜிப்சம் சீலிங்: பாரம் எங்கே போய்ச் சேருகிறது?

அண்மைக் காலமாக எமது ஊர்களில் கடையை உயர்த்திக் கட்டுபவர்களில் பலர் மேல்மாடிக்கு கொங்கிரீட் தட்டுப் போடுவதில்லை. இரும்புச் சட்டம் நிறுத்தி, அதன்மேல் சான்ட்விச் பெனலைப் போட்டுவிடுகிறார்கள். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வேலை விரைவாக முடிகிறது, அத்திவாரத்துக்குப் பாரம் குறைவு, வெறும் தகரத்தைப் போல வெயிலை உள்ளே இறக்குவதில்லை, ஏ.சி. பில்லும் ஓரளவு மிச்சமாகிறது.

கடை திறந்து சில மாதங்கள் போனதும் முதலாளிக்கு இன்னோர் எண்ணம் வருகிறது. அண்ணாந்து பார்த்தால் வெள்ளைத் தகரமும் பெனல் பொருத்துக் கோடுகளும்தான் தெரிகின்றன. களஞ்சியம் போல இருக்கிறது; ஜிப்சம் சீலிங் அடித்தால் ஷோரூம் போல இருக்குமே என்று நினைக்கிறார். இருபது வருடங்களுக்கு மேலாக ஹார்ட்வெயார் வியாபாரத்தில் இருக்கும் என்னிடம் இதற்குச் சாமான் வாங்க வருபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். “நானா, ரீப்பைய நேரே பெனல்ல ஸ்குரூ பண்ணி போர்ட் அடிச்சா நிற்கும் தானே?”

நிற்கும். அடித்த அன்று எல்லாச் சீலிங்கும் நிற்கும். இரண்டு மழைக்காலமும் இரண்டு கோடையும் கடந்த பிறகும் அது நிற்குமா என்பதை, நாம் தொங்கவிடும் பாரம் கடைசியில் எதன்மேல் போய்ச் சேருகிறது என்பதே தீர்மானிக்கிறது. இந்த வாரம் அதனையே பார்ப்போம்.

பெனலின் பலம் எங்கே இருக்கிறது?

சான்ட்விச் பெனல் என்பது இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகளுக்கு நடுவே நுரைப் பொருள் ஒட்டப்பட்ட ஒரு பலகை. ஒவ்வொரு தகடும் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தடிப்புத்தான். நடுவிலே இருப்பது நாம் ரிஜிபோம் என்று சொல்லும் பொலிஸ்டைரீனாக இருக்கலாம், பொலியூரித்தேன் நுரையாக இருக்கலாம், சிலவற்றில் கல்நார் போன்று தோன்றும் ராக்வூலாக இருக்கலாம். தடிப்பு 50, 75, 100 மில்லிமீற்றர் என்று வரும்.

தனித்தனியாக எடுத்தால் இந்த மூன்றிலும் பலம் இல்லை. அரை மில்லிமீற்றர் தகட்டைக் கையால் வளைக்கலாம். ரிஜிபோமை விரலால் குத்தலாம். மூன்றும் ஒன்றாக ஒட்டியிருக்கும்போதுதான் பலம் வருகிறது. மேல் தகடு அமுக்கத்தைத் தாங்குகிறது, கீழ்த் தகடு இழுவையைத் தாங்குகிறது, நடுவிலுள்ள நுரை இரண்டையும் விலகாமல் பிடித்துக்கொள்கிறது. அதாவது பெனலின் உயிர் அந்த ஒட்டில்தான் இருக்கிறது. கீழ்த் தகட்டில் நாம் எதைத் தொங்கவிட்டாலும் அது அந்த ஒட்டைக் கீழ்நோக்கி உரித்தெடுக்கப் பார்க்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை எல்லாம் விளங்கிவிடும்.

முதலில் பாரக் கணக்கு

20 அடி அகலமும் 40 அடி நீளமும் உள்ள ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். 800 சதுர அடி, அதாவது சுமார் 74 சதுர மீற்றர். 8 அடிக்கு 4 அடி ஜிப்சம் போர்ட் 25 வேண்டும். 12 மில்லிமீற்றர் போர்ட் ஒன்று ஏறத்தாழ 25 கிலோ, அதாவது அரை மூட்டை சிமெந்து. போர்ட் மட்டும் 625 கிலோ. அதனுடன் சனல், ஸ்குரூ, மூட்டுப் பூச்சு எல்லாம் சேர்த்தால் முக்கால் தொன் வந்துவிடும். பதினைந்து மூட்டை சிமெந்தைத் தலைக்குமேல் கட்டித் தொங்கவிடுவது போன்றது இது.

சதுர மீற்றருக்கு என்று பார்த்தால் சுமார் 10 கிலோ. சாதாரண பெனலின் சொந்த எடையும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆகவே சீலிங் அடிக்கும்போது கூரையின் எடையை நாம் இரட்டிப்பாக்குகிறோம். பெனல் எத்தனை அடிக்கு ஒரு தாங்கலில் நிற்கலாம் என்று கம்பெனி கொடுக்கும் அட்டவணை, பெரும்பாலும் பெனலின் சொந்த எடை, காற்று, மேலே ஏறி நடக்கும் ஆள் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துத் தயாரிக்கப்பட்டது. அதில் சீலிங் பாரமும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று கேட்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது. 9 மில்லிமீற்றர் போர்ட் எடுத்தால் பாரம் கொஞ்சம் குறையும். ஆனால் கேள்வி மாறாது.

ஒரு ஸ்குரூ எவ்வளவு பிடிக்கும்?

மரத்தில் ஸ்குரூ போட்டால் ஓர் அங்குல நீளத்துக்குப் புரி பிடிக்கிறது. பெனலில் போட்டால் அந்த அரை மில்லிமீற்றர் தகட்டில் மட்டும்தான் பிடிக்கிறது. மிச்சப் புரியெல்லாம் நுரைக்குள் சும்மா நிற்கிறது. நீளமான ஸ்குரூ போட்டால் பலம் கூடும் என்று சில பாஸ்மார் நினைக்கிறார்கள். கூடாது. நீளம் கூடினால் மேல் தகட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் அபாயம்தான் கூடும். பிறகு ஒவ்வொரு மழைக்கும் அந்தத் துளை வழியே தண்ணீர் இறங்கும்.

ஆனாலும் நியாயமாகப் பேச வேண்டும். சனலை 16 அங்குலத்துக்கு ஒன்று வைத்து, ஒவ்வொரு சனலிலும் 16 அங்குலத்துக்கு ஒரு ஸ்குரூ போட்டால், ஒரு ஸ்குரூவுக்கு வரும் பாரம் ஒன்றரை கிலோவுக்குச் சற்று மேல்தான். ஒழுங்காகப் போடப்பட்ட ஸ்குரூ அதைவிடப் பல மடங்கு தாங்கும். அப்படியானால் சீலிங் ஏன் விழுகிறது?

எனக்குத் தெரிந்த ஒரு புடைவைக் கடையில் இது நடந்தது. மேல்மாடியில் பெனலில் நேரடியாக மர ரீப்பை அடித்து, அதில் போர்ட் அடித்திருந்தார்கள். பெருநாள் சீசனுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஓர் இரவில் நடுப்பகுதி முழுவதும் இறங்கிவிட்டது. பகலில் விழுந்திருந்தால் அந்த இடத்தில் வாடிக்கையாளர்களும் வேலை செய்யும் பிள்ளைகளும் நின்றிருப்பார்கள். இரவானபடியால் புடைவைக் கட்டுகளோடு போயிற்று. சீசன் வியாபாரத்தில் ஒரு பெரும் பகுதியும் போயிற்று.

அடுத்த நாள் நானும் போய்ப் பார்த்தேன். ரீப்பைகள் இரண்டு அடிக்கு ஒன்று, ஸ்குரூ மூன்று அடிக்கு ஒன்று. கணக்குப் பார்த்தால் ஒரு ஸ்குரூவுக்கு ஐந்தரை கிலோ. அதுவும் ஒரு புதிய ஸ்குரூ தாங்கக்கூடிய பாரம்தான். ஆனால் தகட்டிலிருந்த துளைகளைப் பார்த்தபோது விடயம் விளங்கியது. பாதிக்கு மேற்பட்ட துளைகள் வட்டமாக அரைபட்டிருந்தன. ட்ரில் மெசினை முழு வேகத்தில் விட்டு, ஸ்குரூ இறுகிய பின்னும் சுற்றவிட்டதால் மெல்லிய தகட்டில் புரி பிடித்த இடம் அப்போதே அறுந்துவிட்டது. அந்த ஸ்குரூக்கள் முதல் நாளிலிருந்தே எதையும் தாங்கவில்லை. அவற்றின் பாரத்தைப் பக்கத்து ஸ்குரூ தாங்கியது. ஒரு நாள் அதுவும் கழன்றதும் அடுத்ததற்கு இரட்டிப்புப் பாரம் வந்தது. பிறகு பொத்தான் வரிசை கழல்வது போல ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் கழன்றுவிட்டன.

இதிலிருந்து தெரிய வேண்டியது என்னவென்றால், மெல்லிய தகட்டில் தொங்கும் சீலிங்கிற்குச் சேமிப்புப் பலம் மிகக் குறைவு. ஓர் இடத்துத் தவறு அந்த இடத்தோடு நிற்காது.

வெயிலில் வளையும் கூரை

இன்னொரு காரணமும் உண்டு. நண்பகல் வெயிலில் பெனலின் மேல் தகடு 60 பாகை செல்சியஸையும் தாண்டிச் சூடேறும். கீழ்த் தகடு கடைக்குள் இருக்கும் காற்றைப் போல 25, 30 பாகையில் நிற்கும். மேல் தகடு விரிகிறது, கீழ்த் தகடு விரிவதில்லை. விளைவாக பெனல் நடுவில் மேல்நோக்கி வளைகிறது. இரண்டு முனைகளில் மட்டும் தாங்கப்பட்ட 4 மீற்றர் நீளமான 75 மில்லிமீற்றர் பெனல் ஒன்று, இரு தகடுகளுக்கும் இடையே 35 பாகை வித்தியாசம் வரும்போது நடுவில் சுமார் ஒரு சென்ரிமீற்றர் வரை எழும்பும். மாலையில் ஒரு மழை பெய்தால் மறுபடி இறங்கிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத இந்த அசைவு தினமும் நடக்கிறது. பெனலோடு இறுக்கமாகப் பிணைக்கப்பட்ட ஜிப்சம் போர்ட்டால் அப்படி வளைந்து நிமிர முடியாது. முதலில் மூட்டுகளில் மயிரிழை வெடிப்பு வரும். பெயின்ற் பாஸ் வந்து பூசுவார், மறுபடி வெடிக்கும். “பெயின்ற் சரியில்லை” என்று முதலாளி சொல்வார். பெயின்றில் பிழை இல்லை.

சீலிங் அடிக்க மூன்று வழிகள்

முதலாவது வழி, பெனலைத் தொடாமல் இரும்புச் சட்டத்திலிருந்து தொங்கவிடுவது. எமது கடைகளில் பெரும்பாலும் பெனல் இரும்புப் பர்லின்கள் மீது கிடக்கிறது. அந்தப் பர்லின்கள் உள்ளே நின்று பார்த்தாலே தெரியும். அவற்றில் கிளிப் அல்லது தொங்கு கம்பி பூட்டி, அதில் பிரதான சனலை நான்கு அடிக்கு ஒன்றாகவும், அதன் குறுக்கே போர்ட் தாங்கும் சனலை 16 அங்குலத்துக்கு ஒன்றாகவும் கட்டலாம். பாரம் பர்லினுக்குப் போய், பர்லினிலிருந்து பீமுக்குப் போய், பீமிலிருந்து தூணுக்குப் போகிறது. பெனல் தன் பாட்டில் வளைந்து நிமிரும், சீலிங் அசையாது. செலவு கொஞ்சம் கூட, உயரத்தில் சில அங்குலம் போகும். ஆனாலும் பர்லின் இருக்கும் கடைக்கு இதுவே சரியான வழி. பர்லினும் அந்த மேலதிகப் பாரத்துக்குப் போதுமானதா என்று இரும்பு வேலை செய்தவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வழி, சுவருக்குச் சுவர் சட்டம் போடுவது. 10, 12 அடி அகலமான ஒடுங்கிய கடைகளுக்கு இது நன்றாகப் பொருந்தும். இரு பக்கமும் செங்கல் அல்லது புளொக் சுவரில் சனலை போல்ட் பண்ணி, குறுக்கே போதிய ஆழமுள்ள ஜி.ஐ. சட்டங்களைப் போட்டு, அதன் கீழே போர்ட் அடிப்பது. எத்தனை அடிக்கு எந்த அளவுச் சட்டம் என்பதைச் சனல் கம்பெனியின் அட்டவணை பார்த்தே எடுக்க வேண்டும். பாஸின் கண்ணளவு போதாது.

மூன்றாவது வழிதான் பெனலின் கீழ்த் தகட்டிலேயே சனலைப் பூட்டுவது. இடையில் பர்லின் எதுவும் இல்லாமல் நீளமாகப் போடப்பட்ட பெனலுக்கும், உயரம் போதாத இடத்துக்கும் வேறு வழி இல்லாமல் போகலாம். வெளிநாடுகளில் சில கம்பெனிகள் இதை அனுமதித்து அதற்கான விபரத்தையும் வெளியிடுகின்றன. ஆகவே இது எப்போதும் தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெனல் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர், “இந்த நீளத்துக்கு, சதுர மீற்றருக்கு இத்தனை கிலோ தொங்கவிடலாம்” என்று எழுத்தில் கொடுத்தால் மாத்திரமே செய்ய வேண்டும். அப்படிச் செய்யும்போது கவனிக்க வேண்டியவை இவை:

1. மர ரீப்பை வேண்டாம், பாரம் குறைந்த ஜி.ஐ. சனலே நல்லது. மரம் ஈரத்தில் ஊதும், கோடையில் சுருங்கும், கறையானும் பிடிக்கும்.

2. சனல் பெனலின் நீளத்துக்குக் குறுக்காக ஓட வேண்டும். அப்போது ஒரு சனல் பல பெனல்களில் பிடித்திருக்கும். ஒரு பெனலில் பிடி தளர்ந்தாலும் மற்றவை தாங்கும்.

3. மெல்லிய தகட்டுக்கென்றே செய்யப்பட்ட ஸ்குரூவை, அல்லது பின்பக்கம் பூப்போல விரியும் பெரிய ரிவெட்டைப் பாவிக்க வேண்டும். நீளம், சனலையும் கீழ்த் தகட்டையும் தாண்டி நுரைக்குள் கொஞ்சம் போனால் போதும். மேல் தகட்டை நெருங்கக் கூடாது.

4. ட்ரில் மெசினில் இறுக்கக் கட்டுப்பாட்டைக் குறைத்து வைக்க வேண்டும். சுற்றிக்கொண்டே இருக்கும் ஸ்குரூ அறுந்த ஸ்குரூ. அதை விட்டுவிட்டு இரண்டு அங்குலம் தள்ளி இன்னொன்று போட வேண்டும்.

5. போர்ட் அடிக்க முன்னர் பரீட்சித்துப் பார்க்க வேண்டும். நாலைந்து இடங்களில் தனி ஸ்குரூ ஒன்றில் 25 கிலோவை ஓர் இரவு தொங்கவிட்டுப் பாருங்கள். அதற்குக் கீழே எவரும் நிற்க வேண்டாம். ஸ்குரூ இறங்கினாலும், தகடு நுரையிலிருந்து விலகிக் குமிழ் போல வந்தாலும் அந்தப் பெனல் இந்த வேலைக்கு உதவாது. இது கம்பெனியின் கடிதத்துக்குப் பதில் அல்ல, அதற்கு மேலதிகமானது.

6. சீலிங்கின் நான்கு ஓரத்திலும் சுவரோடு இறுக்காமல் சிறிய இடைவெளி விட்டு, கோர்னிஸ் அல்லது பட்டியால் மறைக்க வேண்டும். நீளமான கடையில் இடையிலே அசைவு மூட்டு ஒன்றும் வேண்டும்.

கூரையை ஊடுருவி மேலே வொஷர் போட்டு போல்ட் இறக்குவோரும் இருக்கிறார்கள். பலம் உண்டு, ஆனால் ஒவ்வொரு போல்ட்டும் மழைக்கு ஒரு வாசல். இறப்பர் வொஷரும் சீலன்ட்டும் வெயிலில் காய்ந்து போகும். தவிர்க்க முடிந்தால் தவிர்ப்பதே நல்லது.

கம் போட்டு மட்டும் ஒட்டுவது அறவே கூடாது. அதில் கம் பெயின்றைப் பிடிக்கிறது, பெயின்ற் தகட்டைப் பிடிக்கிறது, தகடு நுரையைப் பிடிக்கிறது. இந்த மூன்று ஒட்டில் எது தளர்ந்தாலும் சீலிங் கீழே வரும்.

மூடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

சீலிங் அடித்துவிட்டால் மேலே என்ன நடக்கிறது என்று தெரியாது. ஆகவே மூடுவதற்கு முன் மூன்று விடயங்களை முடித்துவிட வேண்டும்.

முதலாவது ஈரம். எமது நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். 30 பாகை வெப்பமும் 80 வீத ஈரப்பதனும் உள்ள காற்று, 26 பாகையளவில் இருக்கும் எந்தப் பொருளில் பட்டாலும் தண்ணீராக மாறத் தொடங்கும். கடைக்குள் ஏ.சி.யை 22இல் வைத்தால் ஜிப்சம் போர்ட்டின் முதுகும் குளிர்ந்துவிடும். பெனல் பொருத்துகளிலும் கூரை ஓரங்களிலும் இடைவெளி இருந்தால் வெளியிலிருந்து ஈரக் காற்று மெல்ல உள்ளே வந்து அந்த முதுகில் தண்ணீராகும். பூஞ்சணம் கறுப்பாகப் படரும், போர்ட் நடுவில் தொய்யும். எனவே முதலில் எல்லாப் பொருத்துகளையும் ஓரங்களையும் சீலன்ட் போட்டு அடைக்க வேண்டும். கல்முனை, காத்தான்குடி, பேருவளை போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றுக்கு ஈடுகொடுக்கும் பூச்சுள்ள ஸ்குரூவே வேண்டும். துளைக்கும்போது விழும் இரும்புத் தூளையும் உடனே துடைத்துவிட வேண்டும். அது ஒட்டிக்கொண்டால் அங்கிருந்துதான் துரு தொடங்கும்.

இரண்டாவது வயர். பீ.வீ.சி. உறையுள்ள வயர் ரிஜிபோமில் நேரடியாகப் பட்டுக்கொண்டிருந்தால், உறையை மென்மையாக வைத்திருக்கும் பொருள் நுரைக்குள் போய்விடும். சில வருடங்களில் உறை விறைத்து வெடிக்கும். பெனலை வெட்டிய இடங்களில் நுரை வெளியே தெரியும், அங்கு இது மிகவும் முக்கியம். எல்லா வயரும் குழாய்க்குள்தான் போக வேண்டும். சீலிங்கில் பதிக்கும் மின்குமிழ்களுக்கு மேலே காற்றோட்டத்துக்கு இடம் விட வேண்டும்.

மூன்றாவது மின்விசிறியும் ஏ.சி.யும். இவற்றைச் சீலிங் சனலிலோ பெனலிலோ தொங்கவிடவே கூடாது. விசிறி வெறும் எடை மட்டுமல்ல, ஓயாத ஆட்டமும் கூட. கொக்கி பர்லினிலோ பீமிலோதான் இருக்க வேண்டும். எந்த இடத்தில் விசிறி வரும் என்பதைச் சீலிங் அடிக்க முன்னரே தீர்மானித்துவிடுங்கள்.

தீயைப் பற்றி ஒரு வார்த்தை

ஜிப்சம் தீயைத் தாமதப்படுத்தும் என்பது உண்மை. அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, பொருளோடு பிணைந்த நீர். அந்த நீர் ஆவியாகி முடியும்வரை போர்ட்டின் மறுபக்கம் அதிகம் சூடேறாது. ரிஜிபோமோ 100 பாகையளவிலேயே இளகத் தொடங்கிவிடும். நுரை இளகினால் ஒட்டு போய்விடும், ஒட்டுப் போனால் கீழ்த் தகடு தனியே உரிந்து விழும். இங்கிலாந்தின் ஹெரிபோர்ட் நகரில் 1993 செப்டெம்பரில் ஒரு கோழி இறைச்சித் தொழிற்சாலை எரிந்தபோது இரண்டு தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். தீயில் சான்ட்விச் பெனல்கள் நடந்துகொள்ளும் விதம் குறித்து அந்நாட்டில் பெரிதாகப் பேசப்பட்டது அதன் பின்னர்தான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். சீலிங் கீழ்த் தகட்டிலேயே தொங்கினால் தகடு விழும்போது ஜிப்சமும் சேர்ந்தே விழும். பர்லினில் தொங்கினால் நுரை இளகிய பின்னும் ஜிப்சம் தன் இடத்தில் கொஞ்ச நேரம் நிற்கும். கடைக்குள் இருப்பவர்கள் படியிறங்கி வெளியே போக அந்தக் கொஞ்ச நேரம் போதுமானதாக இருக்கலாம். நல்ல நாளில் பாரத்தைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோகும் வழியே கெட்ட நாளிலும் உதவுகிறது.

வேலை நடக்கும்போதும் கவனம் வேண்டும். பெனலுக்கு அருகில் வெல்டிங் வேண்டாம். தென்கொரியாவின் இச்சோன் நகரில் 2020 ஏப்ரல் 29ஆம் திகதி, கட்டிக்கொண்டிருந்த ஒரு களஞ்சியத்தில் ஏற்பட்ட தீயில் 38 பேர் உயிரிழந்தனர். வெல்டிங் பொறி யூரித்தேன் நுரையில் பற்றியதே காரணம் என்று விசாரணையாளர்கள் தெரிவித்தனர். சட்டங்களைக் கீழே வெட்டித் துளைத்துக் கொண்டுபோய் மேலே போல்ட் பண்ணுவதே பாதுகாப்பு.

குளிர் அறை வைத்திருப்பவர்களுக்கு

மீன், இறைச்சி, ஐஸ்கிரீம் வியாபாரிகளின் குளிர் அறைகளும் இதே பெனலால் செய்யப்பட்டவைதான். அங்கே ஜிப்சம் சீலிங்குக்கு வேலையே இல்லை. போர்ட்டின் கடதாசி ஈரத்தை உறிஞ்சும், கழுவவும் முடியாது. அத்துடன் பெனலில் போடும் ஒவ்வொரு இரும்பு ஸ்குரூவும் குளிரைக் கடத்தும் பாலமாகி, அதன் தலையில் தண்ணீர் சொட்டும் அல்லது பனி கட்டும். கட்டாயம் ஏதாவது தொங்கவிட வேண்டுமென்றால், அறையை அமைத்த கம்பெனியே வந்து நைலோன் போல்ட் போட்டுச் சீல் பண்ண வேண்டும்.

பேசி எழுத வேண்டியவை

எல்லாவற்றுக்கும் முதலில் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள். இந்தச் சீலிங் எதற்காக? குளிர்ச்சிக்காக என்றால் பணத்தைச் செலவழிக்க வேண்டாம். அந்த வேலையைப் பெனல் ஏற்கனவே செய்துகொண்டிருக்கிறது. வயர்களை மறைப்பதற்கு என்றால் ஒழுங்கான குழாய் வரிசையே போதும். பெனலின் கீழ்த் தகட்டை நன்றாகத் துடைத்து, தகட்டுக்குரிய பெயின்ற் பூசினால் சிறிய செலவில் கடை தெளிவாகிவிடும். வாடிக்கையாளர் கண்ணுக்கு அழகு, மழைச் சத்தம் குறைவு, தீப் பாதுகாப்பு ஆகியவை வேண்டும் என்றால்தான் சீலிங் நியாயமான செலவு.

செய்வதென்று முடிவெடுத்தால் ஒப்பந்தக்காரரிடம் கீழ்வருவனவற்றை எழுத்தில் வாங்குங்கள்: பெனலின் உள்ளே என்ன பொருள், தடிப்பு எவ்வளவு, சீலிங்கின் எடை சதுர மீற்றருக்கு எத்தனை கிலோ, அந்தப் பாரம் எங்கே பூட்டப்படுகிறது, சனலுக்கும் ஸ்குரூவுக்கும் இடைவெளி எவ்வளவு, விசிறியும் ஏ.சி.யும் எதில் தொங்கும். போர்ட் அடிக்க முன்னர் சட்டத்தை நீங்களே நேரில் பார்த்துப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தப் பணத்தில் ஒரு பங்கை ஒரு மழைக்காலம் முடியும்வரை நிறுத்திவைக்கப் பேசிக்கொள்ளுங்கள். ஒழுங்காக வேலை செய்பவர் அதற்குத் தயங்க மாட்டார்.

வாடகைக் கட்டடம் என்றால் உரிமையாளரின் எழுத்து மூல அனுமதி அவசியம். பெனலைத் துளைத்தால் கம்பெனியின் உத்தரவாதம் இல்லாமல் போகலாம், அந்த நட்டம் அவருடையது. காப்புறுதிக் கம்பெனிக்கும் கூரை நுரைப் பெனல் என்பதையும், சீலிங் அடிப்பதையும் அறிவித்துவிடுங்கள். முக்கியமான விடயம் ஒன்றை மறைத்திருந்தால், நட்டஈடு கேட்கும் நாளில் அதையே காரணம் காட்டி மறுக்க இடமுண்டு.

சீலிங் வேலையில் மிச்சம் பிடிக்கக்கூடிய இடங்கள் உண்டு. போர்ட்டின் வகையில் பிடிக்கலாம், கோர்னிஸ் அலங்காரத்தில் பிடிக்கலாம், விளக்குகளின் எண்ணிக்கையில் பிடிக்கலாம். தாங்கும் சட்டத்தில் மட்டும் பிடிக்க வேண்டாம். பாஸ் விலை சொல்லும்போது, “இந்த முக்கால் தொன்னும் எதில் நிற்கப் போகிறது?” என்று கேளுங்கள். பர்லின், பீம், சுவர் என்று கைகாட்டினால் மேற்கொண்டு பேசலாம். பெனலைக் காட்டினால், கம்பெனியின் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். கடிதம் வரும்வரை முற்பணம் கொடுக்க வேண்டாம்.